லண்டனை விட்டுப் போன சூதாட்டச் சந்தை: நாகர்கோவிலில் இருந்து இனி எங்கே போவது?

நாகர்கோவில் வடசேரியில் ஒரு மாடியறையில் ஆறு பேர் உட்கார்ந்து படம் வரைகிறோம். செர்ரிப் பழம், மணி, வைரம், ஏழு என்ற எண், எகிப்து ராணி. பணம் வைத்து ஆடும் ஸ்லாட் கேமில் ரீல் (படச் சக்கரம்) சுற்றி நிற்கும்போது தெரியும் அந்தச் சின்னங்களைத் தொழிலில் சிம்பல் என்பார்கள். அவற்றை வரைவதும், ஜெயித்தால் அவை குதிக்கும்படி அனிமேஷன் செய்வதும்தான் எங்கள் வேலை. வாங்குகிறவர்கள் எல்லாம் மால்டா, பல்கேரியா, இங்கிலாந்து பக்கம் இருக்கும் கேம் ஸ்டுடியோக்கள். ஊரில் யாராவது கேட்டால் ‘கேம் டிசைன்’ என்று சொல்லிப் பேச்சை முடித்துக்கொள்வோம். அப்பா மட்டும் விடமாட்டார். “இங்க லாட்டரியையே நிறுத்தி இருபது வருசத்துக்கு மேல ஆச்சு, நீ வெளிநாட்டானுக்குச் சூதாட்டத்துக்குப் படம் வரைஞ்சிட்டு இருக்க” என்பார். தமிழ்நாட்டில் லாட்டரி நின்றது 2003-ல். அதற்குப் பிறகு களியக்காவிளையைத் தாண்டி இஞ்சிவிளையில் போய்க் கேரள லாட்டரி வாங்கி வருகிறவர்களில் அப்பாவின் நண்பர்களும் உண்டு. அதை நான் எடுத்தால் காப்பி ஆறுகிறது என்று எழுந்துவிடுவார்.

இந்தத் தொழிலில் விற்கிறவர்களும் வாங்குகிறவர்களும் வருடம் ஒரு முறை கூடும் பெரிய கண்காட்சிச் சந்தை ஐஸ் (ICE). ரொம்ப வருடம் லண்டன் எர்ல்ஸ் கோர்ட்டில் நடந்து, 2013-ல் எக்ஸெல் அரங்கத்துக்கு மாறி, 2024 பிப்ரவரி 6 முதல் 8 வரை அங்கே கடைசியாக நடந்தது. 2025-ல் இருந்து ஸ்பெயின் போய்விட்டது: பார்சிலோனா, ஃபிரா கிரான் வியா அரங்கம், மாதமும் ஜனவரி. எங்களைப் போன்ற சின்னக் கூட்டத்துக்கு வருடத்துக்கு ஒரு தடவைதான் இரண்டு பேரை வெளியே அனுப்பக் கட்டுப்படியாகும். அந்த ஒரு தடவை எங்கே என்பதுதான் கேள்வி. எங்கள் மாடியில் இதைப் பற்றிப் பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். திருவனந்தபுரத்திலும் திருநெல்வேலியிலும் இதே வேலை செய்கிறவர்கள் சிலர் கேட்டதால் எழுதுகிறேன்.

கூத்து என்னவென்றால், இடம் மாறியது ஐஸ் மட்டும் இல்லை. கல்யாணப் பந்தியில் ஒருத்தர் எழுந்தால் வரிசையே நகர்ந்து உட்காருமே, அந்தக் கதை. எஸ்.பி.சி. சம்மிட் என்ற இன்னொரு சந்தை 2023 வரை பார்சிலோனாவில்தான் செப்டம்பரில் நடந்துகொண்டிருந்தது. 2024-ல் அது லிஸ்பனுக்குப் போனது. ஆம்ஸ்டர்டாமில் கோடையில் நடந்துவந்த ஐஜிபி லைவ், ஐஸ் காலி செய்துவிட்டுப் போன அதே எக்ஸெல் அரங்கத்துக்கு 2025 ஜூலையில் வந்து சேர்ந்தது. ஆகவே இப்போது எங்கள் முன்னால் இருப்பவை மூன்று: ஜனவரியில் பார்சிலோனா, ஜூலையில் லண்டன், செப்டம்பரில் லிஸ்பன்.

உள்நாட்டில் எதுவும் இல்லையா என்று கேட்பீர்கள். இல்லை. தமிழ்நாட்டில் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் 2022-லேயே நிறைவேறி, 2023 ஏப்ரலில் ஆளுநர் ஒப்புதல் பெற்றது. 2025 ஆகஸ்டில் மத்திய அரசின் சட்டம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை நாடு முழுக்கத் தடை செய்துவிட்டது. விளம்பரமும் கூடாது, பேங்க் வழியாகப் பணம் போவதும் கூடாது. நாங்கள் வரையும் படம் இந்தியாவில் ஆடும் எந்தத் தளத்துக்கும் போகக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்கிறோம். அதனால் கோவா கீவா என்று உள்ளூர்ப் பக்கம் பார்க்கவே இல்லை. லாஸ் வேகாஸில் நடக்கும் ஜி-2-இ சந்தை பற்றியும் பேசவில்லை. அமெரிக்க விசாவுக்கு நடக்கும் நடையில் நாலு கேம் வரைந்து முடித்துவிடலாம். சீனாவின் மக்காவ் நகரத்துக்கு விசாவே வேண்டாம், இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு 30 நாள் சும்மா விடுவார்கள். ஆனால் அங்கே காசினோ மேஜையும் மெஷினும்தான் பிரதானம். எங்களுக்கு வேலை தருகிறவர்களை அங்கே தேட வேண்டியிருக்கும்.

சரி, மூன்றுக்கு வருவோம்.

முதலில் தேதி. இது சின்ன விஷயம் போலத் தோன்றும், எங்களுக்கு இதுதான் பெரிசு. பழைய ஐஸ் பிப்ரவரி முதல் வாரம். கிறிஸ்துமஸ் முடிந்து, பொங்கல் முடிந்து, டெமோ வீடியோவை மெருகேற்ற இரண்டு வாரம் கையில் இருக்கும். பார்சிலோனாவில் 2025-ல் ஜனவரி 20 முதல் 22, 2026-ல் 19 முதல் 21. பொங்கல் 14, 15. அதாவது காணும் பொங்கல் அன்று பெட்டி கட்டி, மறுநாள் விமானம் ஏற வேண்டும். எங்கள் ஆறு பேரில் மூன்று பேர் வீட்டில் கிறிஸ்துமஸ், மூன்று பேர் வீட்டில் பொங்கல். டிசம்பர் 20-ல் இருந்து ஜனவரி 16 வரை இந்த மாவட்டத்தில் யாரையாவது முழுநேரம் வேலையில் உட்கார வைக்க முடியுமா, நீங்களே சொல்லுங்கள். 2025-ல் நாங்கள் கொண்டுபோன டெமோவில் ராணியின் கிரீடம் ஒரு ஃப்ரேமில் தலையை விட்டுத் தனியாக மிதந்தது. யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்தோம். ஒருவர் கவனித்தார், சிரித்தார், கார்டு கொடுக்காமல் போனார். செப்டம்பர் அப்படி இல்லை. ஓணத்துக்கு ஒன்றிரண்டு நாள் லீவு போகும், அவ்வளவுதான். ஜூலையிலும் தடை எதுவும் கிடையாது.

அடுத்து விசா. இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும்.

இங்கிலாந்து விசிட்டர் விசாவுக்கு ஆறு மாதக் கட்டணம் 2025 ஏப்ரலில் 115 பவுண்டில் இருந்து 127 ஆனது. இன்சூரன்ஸ் கட்டாயம் இல்லை. பேப்பர் சுத்தமாக இருந்தால் பொதுவாக மூன்று வாரத்தில் பதில். அடிக்கடி போகிறவர்கள் இரண்டு வருட விசா கேட்கலாம். கட்டணம் கிட்டத்தட்ட நாலு மடங்கு. ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் ஒரே விசா, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா. 2024 ஜூனில் இருந்து 90 யூரோ, கூடவே குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவைத் தாங்கும் பயண இன்சூரன்ஸ், விமான முன்பதிவு, தங்கும் இடம், பேங்க் ஸ்டேட்மெண்ட், வருமான வரிக் கணக்கு எல்லாம் கேட்பார்கள். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசிக் கெடு 15 நாள் முன்பு.

எதுவானாலும் கைரேகை வைக்க நாங்கள் போவது சென்னைக்கு. முன்பெல்லாம் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறி, எழும்பூரில் பல் தேய்த்து, அப்படியே மையத்துக்கு ஓடுவோம். 2024 ஆகஸ்ட் கடைசியில் இருந்து நாகர்கோவில் வந்தே பாரத் இருக்கிறது. ஆனாலும் காலையில் வரிசையில் நிற்க வேண்டும் என்றால் பழைய ராத்திரி ரயில்தான் தோது.

இதில் எங்களுக்கு ஒரு சூடு உண்டு. எந்த நாடு என்று வேண்டாம். பக்கத்து ஊர் டிராவல் ஏஜெண்ட் ஒருவர் எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். ஓட்டல் முன்பதிவு போட்டுக் கொடுத்தார். விண்ணப்பம் உள்ளே போன மறுநாளே அதை ரத்து செய்துவிட்டார், எங்களிடம் சொல்லாமலே. எங்கள் பையனுக்கு விசா மறுப்பு. காரணம் எழுதிய தாளில் தங்கும் இடம் பற்றிய பெட்டியில் டிக். கட்டிய பணம் போனது போகட்டும், அடுத்த ஒவ்வொரு விண்ணப்பத்திலும் ‘முன்பு மறுக்கப்பட்டதா’ என்ற கேள்விக்கு ஆமாம் என்று எழுத வேண்டியிருக்கிறது. அதிலிருந்து எங்கள் ஃபைலை நாங்களே கட்டுகிறோம்.

ஷெங்கன் பக்கம் தராசைச் சாய்க்கும் ஒரு விஷயம் உண்டு. இந்தியர்களுக்கென்று 2024 ஏப்ரலில் ஒரு விதி வந்தது: முந்தைய மூன்று ஆண்டுக்குள் இரண்டு ஷெங்கன் விசா வாங்கி ஒழுங்காகப் பயன்படுத்தியிருந்தால், அடுத்தது இரண்டு ஆண்டுக்கான பலமுறை நுழைவு விசா தரலாம். அதற்குப் பிறகு, பாஸ்போர்ட்டில் காலம் இருந்தால், ஐந்து ஆண்டு. 2025 பார்சிலோனா எங்கள் கணக்கில் ஒன்று. லிஸ்பன் போய் வந்தால் இரண்டாவதும் கணக்கில் ஏறிவிடும். அப்புறம் ஒவ்வொரு டிசம்பரிலும் கேக்குக்கும் கொழுக்கட்டைக்கும் நடுவே ஸ்டேட்மெண்ட் அச்சடிக்க வேண்டாம். லண்டனுக்குக் கட்டும் பணத்துக்கு இந்த வட்டி கிடையாது.

அரங்கம் என்று பார்த்தால், எண்ணளவில் பார்சிலோனாவைத் தொட ஆள் இல்லை. கிரான் வியா மொத்தம் 2 லட்சம் சதுர மீட்டருக்கு மேல். ஐஸ் நடந்த காலத்தில் எக்ஸெல் சுமார் 1 லட்சம். ஐஸ் எக்ஸெலில் மூச்சு முட்டிப்போய்த்தான் கிளம்பியது. உலகத்தின் பெரிய மொபைல் போன் சந்தையே 2013-ல் இருந்து கிரான் வியாவில்தான் நடக்கிறது. ஜப்பானியக் கட்டடக் கலைஞர் டோயோ இட்டோ வடிவமைத்த நுழைவாயில், அரங்கங்களை இணைக்கும் உயரமான நடைபாதை, நகரும் தரை என்று பார்க்கவே கம்பீரம். விமான நிலையத்தில் இருந்து எல்-9 மெட்ரோ நேராகக் கொண்டு விடும்.

ஆனால் எங்களுக்கு வேலை கொடுத்தது பரப்பு இல்லை. எக்ஸெலில் நடுவே ஒரே ஒரு நீள வீதி, இரண்டு பக்கமும் ஹால். டீ குடிக்கவும் கழிப்பறைக்கும் எல்லோரும் அந்த வீதிக்குத்தான் வந்தாக வேண்டும். நம்மூர்த் தேரோட்டம் மாதிரி, மூன்று நாளில் எல்லா முகமும் ஒரு தடவையாவது எதிரே வரும். 2024-ல் அப்படித்தான் காப்பி வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் என் டேப்லெட்டை எட்டிப் பார்த்தார். பழங்கள் வைத்த ரீல் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் பையன் ஒருவன் எலுமிச்சைக்குப் பதில் கொல்லாம்பழம் வரைந்திருந்தான், கீழே கொட்டை தொங்க, சிவப்பும் மஞ்சளுமாக, பழத்தின் தோலில் பளபளப்பு எல்லாம் அச்சு அசல். அவர் கேட்டார், “இது ஏன் குடமிளகாய்?” நான் கொட்டையைக் காட்டி, இதுதான் நீங்கள் உப்புப் போட்டுச் சாப்பிடும் முந்திரி என்றேன். அந்தக் கொட்டை ஒரு பழத்தின் அடியில் தொங்கும் என்பதையே அவர் நம்பவில்லை. போனில் தேடிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்தவரைக் கூப்பிட்டுக் காட்டினார். அந்தச் சிரிப்பில் பிறந்த பழக்கம் இரண்டு கேம் ஆர்டர் வரை போனது. முந்திரி மட்டும் கடைசி வடிவத்தில் இல்லை. மறுபடி எலுமிச்சையே வைத்துவிட்டார்கள்.

பார்சிலோனாவில் இந்த மாதிரி எதுவும் நடக்கவில்லை. ஹாலுக்கு ஹால் நடந்தே கால் வீங்கியது. பெரிய ஸ்டாண்டுகளில் வாசலில் ஒருவர் நின்று ‘அப்பாயின்ட்மெண்ட் இருக்கிறதா’ என்று கேட்கிறார். இருந்தால் ராஜ உபசாரம், இல்லாவிட்டால் ஒரு பேனா. நாங்கள் முன்கூட்டி வாங்கிப்போன சந்திப்புகள் மூன்று. அந்த மூன்றும் நன்றாகவே நடந்தன, அதில் ஒன்று இன்னும் வேலை தருகிறது. மிச்ச நேரம் முழுக்க பேனா சேர்த்தோம். தப்பு அவர்களுடையது இல்லை. இருபது சந்திப்பை நவம்பரிலேயே முடிவு செய்துகொண்டு வருகிறவர்களுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது: ஆன்லைன் கேம், மெஷின், பந்தயம், பணப் பட்டுவாடா, உரிமம் கொடுக்கும் அரசு அதிகாரிகள் வரை அத்தனை பேரும் ஒரே கூரைக்குக் கீழ் இருக்கிறார்கள். வழியில் தட்டுப்படும் ஆளை நம்பிப் போகிற எங்களைப் போன்றவர்களுக்குத்தான் அது பாலைவனம்.

அப்படியானால் பழைய எக்ஸெலில் நடக்கும் ஜூலைச் சந்தைக்கே போகலாமே என்று என் கூட்டாளி சொன்னார். அதே வீதி, அதே காப்பி வரிசை. எனக்கும் ஆசைதான். எலிசபெத் லைனில் கஸ்டம் ஹவுஸில் இறங்கினால் வாசல். தங்குவது ஈஸ்ட் ஹாமில், பெரியப்பா மகன் வீட்டில். அங்கிருந்து அரங்கம் அரை மணி நேரத்துக்குள். தெருவில் இறங்கினால் தோசைக் கடையும் நகைக் கடையும் தமிழ்ப் பலகையுமாக இருக்கும். ஓட்டல் செலவு இல்லை என்பது சாதாரணம் இல்லை, மொத்தச் செலவில் நல்ல பங்கு அதுதான். மயினி (அண்ணன் மனைவி) கதவைத் திறந்ததும் கேட்கும் முதல் கேள்வி நம்மூர்ப் பலகாரம் பற்றித்தான், “வா மக்களே, முந்திரிக்கொத்து கொண்டு வந்தியா?”

ஆனால் அந்தச் சந்தைக்கு வருகிறவர்கள் வேறு கூட்டம். பெரும்பகுதி அஃபிலியேட்டுகள். அதாவது, தங்கள் வெப்சைட்டில் எழுதி எழுதி ஆட்டக்காரர்களைத் தளங்களுக்கு அனுப்பிவிட்டுக் கமிஷன் வாங்குகிறவர்கள். கல்யாணத் தரகர் மாதிரி. பெண் வீடும் மாப்பிள்ளை வீடும் தெரியும், ஆனால் தாலி செய்யக் கொடுப்பது அவர் இல்லை. சிம்பல் வரையச் சொல்லி எங்களிடம் வர அவர்களுக்கு அவசியமே இல்லை. எழுத்து வேலை, தேடுபொறி வேலை, வெப்சைட் வேலை செய்கிற கம்பெனி என்றால் கதை தலைகீழ். அவர்கள் மூன்றையும் ஒப்பிட வேண்டியதே இல்லை, ஜூலை லண்டனுக்குக் கண்ணை மூடிக்கொண்டு போகலாம். எங்களுக்கு அது மயினி கையால் சாப்பிடும் ஒரு வாரம், அவ்வளவே.

லிஸ்பனுக்கு நாங்கள் இன்னும் போனதில்லை. போய் வந்த இரண்டு வாடிக்கையாளர்களிடம் கேட்டதையும் அரங்க வரைபடத்தையும் வைத்துச் சொல்கிறேன். 2024-ல் செப்டம்பர் 24 முதல் 26, 2025-ல் 16 முதல் 18. இடம், 1998 உலகக் கண்காட்சிக்காக ஆற்றங்கரையில் எழுந்த பகுதி. விமான நிலையத்தில் ஏறினால் மூன்றாவது மெட்ரோ ஸ்டேஷன் ஓரியென்ட், இறங்கி நடந்தால் அரங்கம். பக்கத்திலேயே உள்விளையாட்டு அரங்கும் சந்தைக்குள் சேர்ந்துகொள்கிறது. எல்லாம் ஒரு கட்டுக்குள் இருப்பதால் எக்ஸெல் வீதி மாதிரி ஆட்கள் தட்டுப்படுவார்கள் என்பது என் கணிப்பு. பந்தயக் கம்பெனிகளும் ஆன்லைன் காசினோ நடத்துகிறவர்களும் வருவதால், அவர்களுக்கு கேம் விற்கும் ஸ்டுடியோக்களும் வந்தாக வேண்டும். எங்களுக்கு வேண்டியவர்கள் அந்த ஸ்டுடியோக்காரர்கள்தான். குறை என்றால் உள்ளே நுழையும் பாஸ். தளம் நடத்தும் ஆபரேட்டருக்கும் அஃபிலியேட்டுக்கும் இலவசமாகக் கொடுப்பதை எங்களைப் போன்ற சப்ளையருக்குக் கொடுப்பதில்லை, நாங்கள் காசு கட்ட வேண்டும். ஓட்டல் செலவும் உண்டு. தங்க மயினி கிடையாது.

விமானம் மூன்றுக்கும் திருவனந்தபுரத்தில் இருந்து வளைகுடா வழியாக ஒரு நிறுத்தம். பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டில் இருந்து விமான நிலையம் சுமார் 70 கிலோமீட்டர், மார்த்தாண்டம் நெரிசலைக் கடந்துவிட்டால் பாதிப் பயணம் முடிந்த மாதிரி. குளிர் பற்றியும் ஒரு வார்த்தை: ஆபீசில் எல்லோருக்கும் பொதுவாக ஒரே ஒரு கனமான ஜாக்கெட் இருக்கிறது. லண்டன் பிப்ரவரிக்கு இரண்டு பேர் போனபோது ஒருவர் நடுங்கினார். பார்சிலோனா ஜனவரி அந்த அளவுக்கு இல்லை. லிஸ்பன் செப்டம்பருக்கு ஜாக்கெட்டே வேண்டாம்.

லிஸ்பன் என்றதும் என் கூட்டாளியின் அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். புனித சவேரியார் 1541-ல் இந்தியாவுக்குக் கப்பல் ஏறியது அங்கிருந்துதான். அம்மா கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவுக்கு வருடம் தவறாமல் போகிறவர். “அவரு பொறந்தது ஸ்பெயினு, ஏறுனது லிஸ்பன். நீங்க எந்த ஊருக்குப் போனாலும் சரிதான்” என்று ஒரே வரியில் எங்கள் மூன்று வாரப் பேச்சை முடித்துவைத்தார். என்ன சந்தைக்குப் போகிறோம் என்று அவரிடம் யாரும் விளக்கமாகச் சொல்லவில்லை.

எங்கள் முடிவு இது. இரண்டு பேர் செப்டம்பரில் லிஸ்பன். ஏப்ரலிலேயே விசா ஃபைல் போடுவது, ஓட்டலுக்குப் பணம் கட்டி ரசீதை வைப்பது, ஏஜெண்ட் இல்லை. போய் வந்தபின் அக்டோபரில் இரண்டு ஆண்டு விசா கேட்டு விண்ணப்பம். ஜனவரி பார்சிலோனாவுக்கு ஒருவர் மட்டும், அதுவும் டிசம்பர் 10-க்குள் எட்டு சந்திப்பாவது எழுத்தில் உறுதியானால். ஏழு என்றால் போவதில்லை. எட்டு என்ற எண்ணுக்குச் சாஸ்திரம் ஒன்றும் இல்லை. மூன்று நாளில் மூன்றே சந்திப்போடு சுற்றியவன் போட்ட கணக்கு. டெமோவை நவம்பர் 30-ல் பூட்டிவிடுவது, அதற்குப் பிறகு கிரீடத்தில் யாரும் கை வைக்கக் கூடாது.

ஜூலை லண்டனை விட்டுவிட்டோம். மயினியிடம் இன்னும் சொல்லவில்லை.